பறக்காத மணி நேரம்

விமானி தன் லாக்புக்கைத் தானே எழுதுகிறார். விமானம் புறப்பட நகர்ந்ததிலிருந்து பயணம் முடிந்து நிற்கும்வரை பறந்த நேரக் கணக்கு. இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் பறக்காத பத்து மணி நேரத்தைச் சேர்த்தால் யாருக்கு நட்டம்?

இப்படிப் பொய்யாக எழுதுவதைச் சமணம் தொட்டிருக்கிறது. வந்தவாசியை அடுத்த பொன்னூர்மலையில் சமண ஆசாரியர் குந்தகுந்தரின் பாதச்சுவடுகள் வணங்கப்படுகின்றன. அவர் மாணவர் எனத் திகம்பர மரபு கொள்ளும் உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம், இல்லறத்தாரின் வாய்மை விரதத்துக்கு ஐந்து அதிசாரங்களை, அதாவது வழுக்களை, சொல்கிறது. பொய்ப்பத்திரம் எழுதுவது அவற்றுள் ஒன்று. எழுத்தைத் தனியே பிரித்தது கூர்மையான பார்வை. பேச்சு கேட்டவரோடு போய்விடும். ஏட்டில் எழுதியதையோ நம்பி முன்பின் தெரியாதவர்கள் விமானம் ஏறுகிறார்கள். நட்டம் நேராவிட்டாலும் குற்றம் குற்றமே. ஆனால் அதிசாரம் விரதத்தை முறிப்பதில்லை, கறைப்படுத்துகிறது. ஒப்புக்கொண்டு திருத்த இடமுண்டு. லாக்புக்கிலும் தவறான பதிவை அழிப்பதில்லை. ஒற்றைக் கோடிட்டு, சரியானதை எழுதிக் கையொப்பமிடுகிறார்கள்.