அச்சம் குற்றமாகுமோ?



"நடந்தது நடந்துவிட்டது, மறந்துவிடு" என்று பிறர்க்குச் சொல்லாதார் நம்மில் யார்? துயருற்றாரைத் தேற்றப் புகுங்கால் நம் வாயில் முதற்கண் வருவது இச்சொல்லேயாம். இது பயனற்றது, சிற்சில வேளைகளிற் கொடியதுமாகும் என்பதே யான் ஈண்டுக் கூறப்புகுவது.

2017ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் இறுதியில் ஒக்கி என்னும் புயல் குமரிமுனையை ஒட்டிய கடலில் வீசிற்று. நம் திருவனந்தபுரத்துப் பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய ஊர்களினின்றும், குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களினின்றும் மீனவர் பலர் அதற்கு முன்னரே கடலுட் சென்றிருந்தனர். கவிழ்ந்த படகைப் பற்றியவாறு இரவும் பகலும் மிதந்தோர் உளர். உடன்வந்தவன் கைதளர்ந்து அமிழ்வதைக் கண்ணெதிரே கண்டோர் உளர். மீளாதார் பலருடைய உடலும் கிடைத்திலது.

அங்ஙனம் மீண்ட ஒருவன் தன் இல்லத்தில் உறங்குகின்றான் என்று கொள்வோம். இடவப்பாதி மழை கூரைமேல் விழுகின்றது. அவன் துள்ளி எழுகின்றான்; உடல் வியர்க்கின்றது; கைகள் எதையோ பற்றத் தேடுகின்றன. "கரையில்தானே இருக்கிறீர்கள்" என்கிறாள் மனைவி. அஃது அவனுக்குத் தெரியும். ஆயினும் அவன் உடல் நம்ப மறுக்கின்றது. விடிந்தபின் அண்டை வீட்டார் கேட்பர்: "கடலிற் பிறந்தவனுக்கு மழையைக் கண்டு நடுக்கமா?"

இவ்வினாவிற்கு மூளைநூல் வல்லார் தரும் விடை அறியத்தக்கது. மூளையின் அடிப்பகுதியில் வாதுமைக் கொட்டையளவினதாக அமிக்டலா என்றோர் உறுப்பு, இருபுறமும் ஒவ்வொன்றாக உளது. இடர் எழுங்கால் சங்கு ஊதுவது அதன் பணி. அதனருகே ஹிப்போகாம்பஸ் என்பது உளது. கடற்குதிரை போன்ற வடிவினதாகலின் அப்பெயர் பெற்றது; நம் கடற்கரையார்க்கு அவ்வடிவு புதிதன்று. எங்கே, எப்பொழுது, யாருடன் என்னும் சூழலை நிகழ்ச்சியோடு சேர்த்துக் கட்டிவைப்பது அதுவே. நெற்றிக்குப் பின்னுள்ள பகுதியோ, "இது பழையது, அடங்கு" என்று சங்கை நிறுத்துவது.

பேரிடரில் நிகழ்வது என்னை? சங்கு மிகைபட ஊதுகின்றது. கட்டிவைக்கும் உறுப்போ தன் பணியைச் செவ்வனே செய்யமாட்டாது தடுமாறுகின்றது. ஆகவே மழையின் ஒலி, உப்புநீரின் சுவை, இருள் ஆகியவை அச்சத்தோடு இறுகப் பிணைகின்றன. நாளும் இடமும் பிணையாது நழுவுகின்றன. நாளும் இடமும் இல்லாத நினைவு இறந்தகாலத்ததாதல் எங்ஙனம்? அது மீண்டும் மீண்டும் இப்பொழுதே நிகழ்கின்றது. 1980ஆம் ஆண்டில் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் இதனைத் தனி நோயாகத் தன் நூலிற் சேர்த்தது. முதல் உலகப்போரிற் குண்டொலி கேட்டு நடுங்கிய போர்வீரரைக் கோழையர் என்றே பலர் இகழ்ந்தனர்.

உருசிய நாட்டு அறிஞர் பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில் 1924ஆம் ஆண்டு வெள்ளம் புகுந்தது. கூண்டிலிருந்த நாய்கள் மூக்குவரை நீரேறியபின் அரிதின் மீட்கப்பட்டன. பின்னொருநாள், முன்னரே தேறியிருந்த ஒரு நாயின் அறையிற் கதவின்கீழ்ச் சிறிது நீரை ஒழுகவிட்டனர். அதுவே போதியதாயிற்று, பழைய கலக்கம் முழுதும் திரும்பிற்று. அந்த நாயைக் கோழை என்பார் உண்டோ?

யான் சொல்லியிருக்கிறேன், நாயையன்று, மனிதனை. பஞ்சாலையில் யான் வேலை பார்த்த நாளில், பஞ்சு உடைக்கும் பிரிவிற் தீப்பற்றிப் புகையில் அகப்பட்டு மீண்டான் ஒரு தோழன். சில திங்கள் கழித்து, எந்திரத்தின் பட்டை உராய்ந்து கருகும் நாற்றம் வந்தால் போட்டது போட்டபடி வாயிலுக்கு ஓடுவான். வீட்டில் விளக்கணைந்த திரியின் நாற்றமும் அவனுக்கு ஆகாது. மேற்பார்வையாளர் அதனைச் சோம்பல் என்றார். நாங்கள் நகைத்தோம், யானும் நகைத்தேன். அவன் வேலையை விட்டுப் போனான். இன்று இவற்றையெல்லாம் படித்தறிந்தபின் அந்நகைப்பை யான் எங்ஙனம் திரும்பப் பெறுவேன்?

பகவன் வினை என்று உரைத்தது சேதனையை, அஃதாவது நாடிச் செய்வதை. எண்ணம் எழுமுன்னரே ஊதும் சங்கில் நாட்டம் ஏது? நாட்டமில்வழிக் குற்றமும் இல்லை. அங்ஙனமாயின், அச்சத்தை அமுக்கக் குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனையும் பொறுத்தல் வேண்டுமோ எனின், வேண்டா. முதல் நடுக்கம் அவனதன்று. ஓங்கிய கை அவனதே. ஆயினும் நடுக்கத்தை நகையாடி அவனைக் கள்ளுக்கடைக்குத் துரத்தினவர் நாமாயின், நம் பங்கும் அதில் உண்டு.

மறக்கச் செய்தல் மருந்தன்று, அஃது இயல்வதுமன்று. பழைய பிணைப்பு எளிதில் அறுவதில்லை; அதன்மேல் "இங்கே இடர் இல்லை" என்னும் புதிய கல்வி ஒன்று ஏறவேண்டும். அப்புதிய கல்வியோ கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்வது. மருத்துவமனையில் அமைதியுற்றவன் துறைமுகத்தில் மீண்டும் நடுங்குவது இதனால். அதனாற்றான் துணையோடு, சிறிது சிறிதாக, பல இடங்களில், பல நாளில் அதனைக் கற்றல் வேண்டும்.

படாசாரையின் வரலாறு நீவிர் அறிந்ததே. ஒரு புயலிரவிலும் ஒரு வெள்ளத்திலும் அவள் தன் குடும்பம் முழுவதையும் இழந்தாள். ஆடையும் அறியாது அலைந்தாள். பகவன் அவளை மறக்கச் சொன்னாரில்லை. அன்போடு அழைத்தார், ஒருவர் ஆடை தந்தார். பின்னொருநாள் கால்கழுவ வார்த்த நீர் ஒருமுறை அருகிலும், ஒருமுறை சற்றுத் தொலைவிலும், பிறிதொருமுறை இன்னும் தொலைவிலும் ஓடி மறைந்ததைக் கண்டு அவள் தெளிந்தாள் என்பது கதை. கொண்டுபோனதும் நீரே, தெளிவித்ததும் நீரே. இடையில் மாறியது அவள் நின்ற இடமும் உடனிருந்தோருமே என்று யான் கருதுகிறேன்.

ஒக்கி வீசி ஓராண்டு நிறையுமுன், 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கிற்று. திருவனந்தபுரத்து மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வடக்கே சென்று, முன்பின் அறியாதாரை வீட்டுக் கூரைகளினின்றும் இறக்கினர். அவர்களை நாடே போற்றிற்று, போற்றத்தக்கவரே. ஆனால் அந்நாளில் லாரியில் ஏறமாட்டாது, மழையொலி கேட்டு வீட்டினுள் சுவரோடு ஒண்டியிருந்தவன் ஒருவன் இருந்திருப்பானாயின், அவன் வீட்டுக் கதவைத் தட்டவேண்டியவர் நாம்.