கொடாததைக் கொள்ளல்

இல்லறத்தார் ஏற்கும் ஐந்து அணுவிரதங்களுள் கள்ளாமையே காத்தற்கு எளியது என்று நம்மவர் பலர் கருதுகின்றனர். பிறர் வீட்டில் கன்னமிடுவோர் நம்மிடையே இல்லை. ஆகவே அவ்விரதம் தானாகவே நிறைவேறிவிடுகிறது என்பது அவர்தம் துணிபு. அத்துணிபு எத்துணை உறுதியானது என்பதை, இளைஞர் உலகில் இன்று பெருகிவரும் ஒரு செயலைக் கொண்டு ஆராய்ந்து பார்ப்போம்.

சிறுவர்கள் இணையத்தின் வழியே பலரோடு கூடி விளையாடுகின்றனர். ஒவ்வொருவர்க்கும் ஒரு கணக்கு உண்டு. அதனைக் காப்பது ஒரு கடவுச்சொல். பல மாதங்கள் ஆடி ஈட்டிய ஆயுதம், ஆடை, அணி, தகுதிநிலை யாவும் அக்கணக்கினுள் சேர்ந்திருக்கும். சிலவற்றைப் பெற்றோர் பணத்தைக் கொண்டே வாங்கியிருப்பர். பிறனொருவன் அக்கடவுச்சொல்லை வஞ்சனையால் அறிந்து, உட்புகுந்து, பொருள்களைத் தன் கணக்கிற்கு மாற்றிக்கொண்டு, கடவுச்சொல்லையும் மாற்றிவிடுகிறான். உரியவன் வெளியே நிற்கிறான். அழுதுகொண்டு வரும் பிள்ளைக்குப் பெரியோர் கூறும் விடை பெரும்பாலும் ஒன்றே: "விளையாட்டுத்தானே! நெல் போயிற்றா, பொன் போயிற்றா?"

இவ்விடை அறத்திற்குப் பொருந்துமா என்பதே நம் வினா.

இதனை ஒத்த வினா நெதர்லாந்து நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2007-ஆம் ஆண்டு அந்நாட்டில் 13 வயதுச் சிறுவன் ஒருவனை இரு இளைஞர்கள் அடித்து உதைத்து, கத்தியால் அச்சுறுத்தி, 'ரூன்ஸ்கேப்' என்னும் இணைய விளையாட்டில் அவனுடைய கணக்கைத் திறக்கச் செய்து, அதிலிருந்த ஒரு தாயத்தையும் ஒரு முகமூடியையும் கவர்ந்தனர். இரண்டும் திரையில் தோன்றும் உருவங்களே. தொட்டறிய இயலாத, பொருள்மதிப்பற்ற ஒன்றைத் திருட இயலாது என்று குற்றஞ்சாட்டப்பட்டவர் சார்பில் வாதிடப்பட்டது. 2012-ஆம் ஆண்டு சனவரி 31 அன்று நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளிற்று. அவற்றை ஈட்ட அச்சிறுவன் செலவிட்ட காலமும் உழைப்பும் அவனளவில் மெய்யான மதிப்பே. அதுகாறும் அவன் ஒருவன் ஆளுகையில் இருந்தவற்றை அவன் இழந்தான். ஆதலின் இது திருட்டே என்று தீர்ப்பாயிற்று. முன்னரே, 1921-இல், தி ஹேக் நகரப் பல் மருத்துவர் ஒருவர் பின்னல் ஊசியால் மின்னளவியை நிறுத்தி மின்சாரத்தைப் பயன்படுத்திய வழக்கில், மின்சாரமும் களவுக்கு உட்படும் பொருளே என்று அதே நீதிமன்றம் முடிவு செய்திருந்தது. பல் மருத்துவர்க்குப் பின்னல் ஊசி எதற்கு என்று அன்றே எவரேனும் வினவியிருப்பர்!

நீதிமன்றங்கள் 'பொருள் யாது' என்று தொடங்கி நெடுவழி சென்று இம்முடிவை எய்தின. நம் ஆகமமோ வேறிடத்தில் தொடங்குகிறது. உமாஸ்வாமி தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், கொடுக்கப்படாததைக் கொள்வதே களவு என்று இலக்கணம் வகுத்தார். பொன்னா மண்ணா, தொட இயலுமா இயலாதா என்னும் பேச்சுக்கே அங்கு இடமில்லை. கொடுத்தானா இல்லையா என்பது ஒன்றே கேள்வி. இதற்கு உரை கண்ட பூஜ்யபாதர் தம் சர்வார்த்த சித்தியில் ஓர் ஐயத்தை எழுப்பி விடையிறுக்கிறார். பிட்சைக்குச் செல்லும் முனிவர் ஊர்வாயிலிலும் வீதியிலும் நுழைகிறாரே, அவ்விடங்களை அவர்க்கு எவரும் கொடுக்கவில்லையே, அது களவாகாதோ? ஆகாது, அவை அனைவர்க்கும் பொதுவாகத் திறந்துவிடப்பட்டவை. மூடிய கதவினுள் அவர் நுழைவதில்லை; ஏனெனில் அது விடப்படாதது. இவ்விளக்கத்தைப் படிக்குந்தோறும் நாம் வியக்கிறோம். கடவுச்சொல் என்பது மூடிய கதவே அன்றோ? அக்கதவுக்குப் பின்னால் இருப்பது நெற்குதிரா, வெறும் ஒளிப்படமா என்பது பின்னர் எழும் கேள்வி.

'மெய்ப்பொருள் அன்று' என்னும் வாதத்தின் விளைவை யசோதர காவியம் அறிந்தோர் நன்கு அறிவர். உயிருள்ள கோழி வேண்டா, மாவினால் செய்த கோழி போதும் என்று தாய் சந்திரமதி வற்புறுத்த, யசோதரன் அதனைப் பலியிட்டான். இறந்தது மாவுதான். எனினும் கொல்லும் எண்ணம் மெய்யாக இருந்தமையால் தாயும் மகனும் நாயும் மயிலுமாகப் பிறந்து அல்லலுற்றனர். சந்திரமதியின் சொல்லும், 'விளையாட்டுத்தானே' என்னும் சொல்லும் ஒரே இனத்தவை. திரையில் இருப்பது பொம்மை முகமூடியே ஆயினும், கவர்ந்தவன் உள்ளத்தில் எழும் களிப்பு பொம்மையன்று. அதனை நம் நூல்கள் சௌரியானந்தம் என்று ரௌத்திர தியானத்தில் வைத்து எண்ணுகின்றன.

நண்பன் தானே கடவுச்சொல்லைச் சொன்னான், அப்படியாயின் அது கொடுத்தது ஆகாதா என்று கேட்கலாம். ஒருநாள் மாலை உடன் ஆடுவதற்குக் கொடுத்தது அவ்வொருநாள் மாலைக்கே உரியது. திறவுகோலைக் கொடுத்தவன் வீட்டைக் கொடுத்தவன் ஆகான். இவ்வாறு கவர்ந்த கணக்குகளை மலிவு விலையில் வாங்குவோரும் உளர். கள்வன் கொணர்ந்ததைப் பெறுதல் கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்று. 'நான் திருடவில்லை, பணம் கொடுத்தே வாங்கினேன்' என்பது அங்கே செல்லாது.

இழந்த பிள்ளைக்கு என் சொல்வது? பற்றை விடு என்று உடனே அறிவுரை தொடங்குதல் நமக்கு உடன்பாடன்று. உடைமை இழந்தவனுக்கு மட்டும் போதிக்கப்படும் பற்றின்மை கள்வனுக்கே துணைபோகிறது. முதலில் 'உனக்கு நேர்ந்தது அநீதி' என்று கூறவேண்டும். பின்னர்ச் செய்யத்தக்கவற்றைத் தாமதியாமல் செய்யவேண்டும். கணக்கோடு இணைந்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லையே முதற்கண் மாற்றவேண்டும். அது கள்வன் கையில் இருக்குமாயின் மற்ற முயற்சிகள் வீணாம். பணம் செலுத்திய சான்றுகளோடு விளையாட்டு நிறுவனத்திற்கு முறையிடவேண்டும். கணக்கு மீண்டபின் இரண்டடுக்குச் சரிபார்ப்பை அமைத்துக்கொள்ளவேண்டும். பணமும் போயிருப்பின் 1930 என்னும் எண்ணில் புகார் செய்யலாம். பிறர் கடவுச்சொல்லை வஞ்சகமாகப் பயன்படுத்துவோர்க்கு நம் நாட்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. இவையெல்லாம் சினமின்றிச் செய்யக்கூடியவை. அவன் கணக்கினுள் நாமும் புகுந்து மீட்போம் என்று பிள்ளை கூறுமாயின் தடுத்தேயாகவேண்டும். அங்கும் ஒரு மூடிய கதவு உண்டு, அதனுள் நம்முடையதல்லாதனவும் உண்டு. இத்தனைக்குப் பின்னும் பொருள் மீளாதாயின், இழந்ததை எண்ணி உறக்கமிழக்கும் ஆர்த்த தியானத்திலிருந்து பிள்ளையை விடுவிக்கும் வேளை அதுவே. பற்றின்மையைப் பற்றி அப்போது பேசலாம், கேட்பான்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளையின் கணக்கை அவன் அறியாமல் திறந்து பார்க்கும் உரிமை தமக்கு உண்டென்று பலர் எண்ணுகின்றனர். காக்கும் கடமை உண்டு, ஐயமில்லை. ஆயின் கணக்கைத் தொடங்கும் நாளிலேயே, 'இதன் திறவுகோல் எங்களிடமும் இருக்கும்' என்று சொல்லி, அவன் இசைவோடு பெற்றுக்கொள்வதில் தடை என்ன? அவ்வாறு பெற்றது கொடுக்கப்பட்டது. அவன் உறங்கும்போது தோளுக்குப் பின்னிருந்து அறிந்துகொண்ட கடவுச்சொல்லைப் பயன்படுத்துவது எதில் அடங்கும் என்பதை அவர்களே பூஜ்யபாதரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.