தோற்றுக் கொடுக்கலாமா?

குழந்தைகளோடு விளையாடும்போது பெரியவர்கள் வேண்டுமென்றே தோற்பது அன்பா, பொய்யா? கேள்வி சின்னதுதான். ஆனால் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதற்கு ஒரு பதில் இல்லாமல் ஒரு விடுமுறை நாளைக்கூடக் கடத்த முடியாது.

என் நண்பர் ஒருவர் கல்லூரியில் தத்துவம் போதித்தவர். யாராவது பரமபதம் ஆடுவதைப் பார்த்தாலே அவருக்குப் பொறுக்காது. "மூளைக்கு அங்கே என்ன ஐயா வேலை? கட்டையை உருட்டுகிறோம், விழுந்த எண்ணுக்குக் காயை நகர்த்துகிறோம். குரங்குக்குப் பழக்கிவிட்டால் அதுவும் ஜெயிக்கும்!" என்பார். சதுரங்கம் ஆடட்டும், ஆடுபுலி ஆட்டம் ஆடட்டும், பிள்ளைக்குப் புத்தியாவது வளரும் என்பது அவர் கட்சி.

அவர் சொல்வது உண்மைதான். பழைய பரமபதப் படங்களில் ஏணி புண்ணியத்தால் ஏறுவதையும் பாம்பு பாவத்தால் விழுவதையும் காட்டுகின்றன. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்து ஆடுகிறவர்களுக்கு அது தெரியும். ஆனால் ஏணியில் ஏறுகிறவன் எந்தப் புண்ணியத்தைச் செய்தான்? பாம்பின் வாயில் விழுந்தவன் எந்தப் பாவத்தைச் செய்தான்? இரண்டு பேரையும் அங்கே கொண்டுபோய் நிறுத்தியது தாயக்கட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த ஆட்டம் இங்கிலாந்துக்குப் போயிற்று. 1943-இல் அமெரிக்காவில் மில்டன் பிராட்லி கம்பெனியார் பாம்புகளை எடுத்துவிட்டுச் சறுக்குமரங்களைப் போட்டார்கள். நல்ல பிள்ளை ஏறும், குறும்புக்காரப் பிள்ளை சறுக்கும் என்று படம் வரைந்தார்கள். அங்கேயும் ஏற்றியதும் இறக்கியதும் விழுந்த எண்தான்.

இதைவிடவும் வெறும் ஆட்டம் ஒன்று உண்டு. 1948-இல் எலினார் அபட் என்ற பள்ளி ஆசிரியை, கலிபோர்னியாவில் சான் டியேகோ நகரத்தில் இளம்பிள்ளைவாதத்திலிருந்து தேறிக்கொண்டிருந்தார். தம்மைப் போலவே நோயுற்றுக் கிடந்த குழந்தைகளுக்காக அவர் உண்டாக்கிய ஆட்டம் அது. 'கேண்டி லேண்ட்' என்று பெயர். மிட்டாய் நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1949-இல் கடைக்கு வந்தது. ஒரு சீட்டை எடுக்க வேண்டும். அதில் என்ன நிறமோ அந்த நிறக் கட்டத்துக்குக் காயை நகர்த்த வேண்டும். எழுத்துத் தெரிய வேண்டாம், எண்ணத் தெரிய வேண்டாம். சீட்டுகளைக் கலைத்து அடுக்கிவிட்டால், அந்தக் கட்டு தீரும்வரை நடக்கப்போவதெல்லாம் அப்போதே முடிவாகிவிட்டது. இருந்தும், கட்டிலை விட்டு இறங்க முடியாத குழந்தை ஒரு நீண்ட பாதையில் தானாகப் பயணம் போயிற்று. அதை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூளைக்கு வேலை இல்லை என்று என் நண்பர் குறை சொல்கிறாரே, அதுதான் இந்த ஆட்டங்களின் பெருமை என்று நான் நினைக்கிறேன். யோசித்துப் பாருங்கள். வீட்டில் குழந்தை எல்லாவற்றிலும் நமக்குத் தோற்றுக்கொண்டே இருக்கிறது. உயரத்தில் தோற்கிறது, பேச்சில் தோற்கிறது, எப்போது தூங்குவது என்ற வழக்கில் தினமும் தோற்கிறது. சதுரங்கத்தில் உட்கார்ந்தாலும் அதே கதைதான். தகப்பன் ஒழுங்காக ஆடினால் பிள்ளை அழும். பிள்ளை சிரிக்க வேண்டுமானால் தகப்பன் பொய்யாட்டம் ஆட வேண்டும். பரமபதத்தில் அந்தச் சங்கடம் இல்லை. ஐந்து வயதும் ஐம்பத்தைந்து வயதும் தாயக்கட்டைக்கு ஒன்றுதான்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். ஒரு நாள் அவரும் பேத்தியும் திண்ணையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு ஐந்து விழுந்தது. ஐந்தாவது கட்டத்தில் பெரிய ஏணி. குழந்தை ஜெயிக்கட்டுமே என்று நாலு கட்டம் மட்டும் நகர்த்திவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் வெற்றிலையை மடிக்க ஆரம்பித்தார்.

"தாத்தா, அஞ்சுதானே விழுந்தது? நாலுதான் வச்சிருக்கீங்க."

"இருக்கட்டும் கண்ணு, நீ போடு."

குழந்தை போடவில்லை. அவர் காயைத் தானே எடுத்து ஏணி உச்சியில் வைத்தது. அந்த ஆட்டத்தில் அது தோற்றது, தோற்றதும் அழுதது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு ஆட்டம், தாத்தா" என்றது.

அந்தப் பெரியவரின் பிரியத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தனக்குச் சமமாக நியாயம் கிடைக்கிற ஒரே இடத்தில், அதற்குத் தெரியாமல் அதைச் சலுகைக்காரியாக்க அவர் பார்த்தார். குழந்தைக்கு அந்தச் சலுகை வேண்டியிருக்கவில்லை. சலுகையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சதுரங்கத்தில், "நான் ராணி இல்லாமல் ஆடுகிறேன்" என்று எல்லார் எதிரிலும் எடுத்து வைத்துவிட்டால் அதில் பொய் இல்லை. தெரிந்து கொடுப்பது வேறு, மறைத்துக் கொடுப்பது வேறு.

கட்டை உருட்டுவது சூதாட்டத்துக்கு முதற்படி அல்லவா என்று சிலர் அஞ்சுவதுண்டு. வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். தருமபுத்திரர் நாட்டை இழந்தார். ஆனால் அங்கே கெடுத்தது பணயம். பணயம் இல்லாத இடத்தில் கட்டை யாரையும் கெடுப்பதில்லை.

அது மட்டுமல்ல. உச்சிக்கு இரண்டு கட்டம் இருக்கும்போது அப்பாவைப் பாம்பு கடித்து அடியில் தள்ளும். அந்த நேரத்தில் குழந்தை படத்தைப் பார்ப்பதில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்கும். பெரியவர்களும் விழுவார்கள், விழுந்தவர் மறுபடியும் கட்டையைக் கையில் எடுப்பார் என்பதை அது வேறு எங்கே இவ்வளவு அருகில் பார்க்கப் போகிறது? நாமே ஏமாற்றித் தோற்றுக்கொண்டிருந்தால் அந்த முகத்தை அதற்குக் காட்டவே முடியாது.

பரணில் பழைய படம் கிடந்தால் எடுத்துத் தூசி தட்டி விரியுங்கள். விழுந்த எண்ணை அப்படியே எண்ணி வையுங்கள். ஏணி வந்தால் கூச்சப்படாமல் ஏறுங்கள்.