பொது நிழல்



பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை நோக்கிச் செல்லும் வழியில் எலப்புள்ளி என்னும் ஊர் இருக்கின்றது. மலைத்தொடரில் இயற்கை திறந்துவிட்ட கணவாயின் காற்று தடையின்றி வீசும் நிலம் அது. கேரளமாயினும் மழை குறைந்தது, பனைகள் மிகுந்தது, தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் பேசப்படுவது. இங்கே நிழல் என்பது அலங்காரமன்று, உயிர்க்கு உறுதி. ஆதலின் இப்பக்கத்து ஊர்களில் ஆலமரத்தையோ அரசமரத்தையோ சுற்றி மேடை கட்டிவைத்தனர் முன்னோர். மலையாளத்தார் அதனை ஆல்த்தறை என்பர்.

அத்தகைய மேடையொன்றில் ஒரு நண்பகல் நாம் இளைப்பாறினோம். பள்ளிப் பிள்ளைகளும் வழிப்போக்கரும் மேலே அமர்ந்திருந்தனர். முதியவர் ஒருவர் மட்டும் கீழே, வேரடியில், வெறுந்தரையில் அமர்ந்தார். "மேலே வாருங்கள், பெரியவரே" என்றோம். "இருக்கட்டுங்க சாமி, எனக்கு இங்கேதான் பழக்கம்" என்றார். அவரை அங்கே ஒருவரும் தடுக்கவில்லை, பழக்கமே தடுத்தது. அதனினும் பெரிய குற்றம் ஒன்றுண்டு: அவர் மறுமொழி கேட்டபின்னும் நாம் மேலேயே அமர்ந்திருந்தோம்.

சட்டம் தன் கடமையைச் செய்யாமலில்லை. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்த காலத்தே, 1924இல், பொதுப்பாதையும் கிணறும் குளமும் எல்லார்க்கும் உரியன என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சட்டசபையில் கொணர்ந்து நிறைவேறச் செய்தார். அவ்வாண்டிலேயே பாலக்காட்டுக் கல்பாத்தித் தெருவில் நடக்கும் உரிமைபற்றிப் பூசல் மூண்டது. 1927 மார்ச் 20ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் மகாடில் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியற்சட்டத்தின் 15ஆம் பிரிவு, பொதுவிடம் எதனினும் சாதியின் பெயரால் ஒருவரையும் விலக்கலாகாதென்றது. எனினும், கதவைத் திறக்கவே சட்டம் வல்லது. கைபற்றி உள்ளே அழைத்துச் செல்வது அன்பின் தொழில்.

இதைத் ததாகதர் தம் சங்கத்தில் செய்து காட்டினார். சாக்கிய இளவரசரும் நாவிதராகிய உபாலியும் ஒருங்கே துறவு வேண்டி வந்தபோது, உபாலிக்கே முதலில் துறவளித்தார். முன்னவரை வணங்குவது சங்கத்தின் முறை. ஆகவே அரசகுலத்துச் செருக்கு அந்நொடியே தலைதாழ்ந்தது. மேலிருப்பவனை இறங்கச் செய்வதே சமத்துவத்தின் முதற்படி என்பதை இதனால் உணர்க.

ஜேதவனத்தின் வரலாற்றையும் நினைமின். அனாதபிண்டிகர் பொற்காசுகளைத் தரையிற் பரப்பி அச்சோலையை வாங்கினார். காசு மூடாத எஞ்சிய நிலத்தை ஜேத இளவரசன் தானே கொடையாக்கினான். விற்றவனும் வாங்கியவனும் ஈந்தவராயினர். பொதுச்சோலை ஒருவர் செல்வத்தால் மட்டும் அமைவதன்று. பலர் விட்டுக்கொடுப்பதால் அமைவது. அசோக மன்னர் வழிகளில் ஆலமரம் நடுவித்ததைத் தம் தூண்சாசனத்தில் பொறித்தபோது, மனிதர்க்கும் விலங்குகட்கும் நிழலாகுக என்றே பொறித்தார். விலங்கிற்கும் உரிய நிழலில் மனிதனுக்கு மேடு பள்ளம் வகுப்பது எவ்வாறு தகும்?

ஆகையால் அன்பர்களே, உங்கள் ஊரில் புறம்போக்கோ, குளக்கரையோ, மைதானத்து ஓரமோ இருப்பின், அது குப்பைமேடாகவும் தனியார் வேலிக்குள்ளும் போகுமுன் மரம் நடுங்கள். எல்லாத் தெருவாரும் சேர்ந்து நடுங்கள். மழைக்காலத்தில் நடுவது எளிது. மாசி பங்குனியில் குடம் சுமந்து நீர் வார்ப்பதே தவம். அக்குடம் வீட்டுக்கு வீடு முறைவைத்துச் செல்லட்டும். நீர் வார்த்த மரத்தடியில் அமர ஒருவரும் கூசார்.

நிழல் வளர்ந்தபின் எவரேனும் கீழே அமர்ந்திருக்கக் கண்டால், மேலிருந்து அழைப்பதோடு அமையாதீர். இறங்கிச் சென்று அருகே அமருங்கள்; பிறகு இருவருமாக எழுந்து மேடை ஏறுங்கள். நாம் அன்று செய்யத் தவறியது அதுவே. அடுத்த முறை தவறோம்.

எல்லா உயிர்களும் இன்புற்றிருப்பனவாக!