பக்கத்தில் கிடக்கும் கடல்

கீழப்பழுவூருக்குக் கல்யாணம், காதுகுத்து என்று வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் தவறாமல் கேட்பார்கள்: "இங்க சுத்திப் பாக்க என்னப்பா இருக்கு?" ஊர்க்காரர்களின் பதிலும் மாறாது. "இங்க என்ன இருக்கு, சிமெண்ட் ஃபேக்டரிதான். பாக்கணும்னா கங்கைகொண்டசோழபுரம் போங்க, இல்லன்னா தஞ்சாவூர் போயிட்டு வாங்க."

மனதாரத்தான் சொல்கிறார்கள். பிறந்ததிலிருந்து ஒரு மண்ணில் புழங்கியவருக்கு, அந்த மண்ணில் பார்க்க ஒன்றுமில்லை என்று எப்படித் தோன்றுகிறது? ஓர் ஊரில் வாழ்வதும் அந்த ஊரை அறிவதும் ஒன்றா, வேறா? இந்தக் கேள்வி வெகுநாளாக என்னைவிட்டுப் போகவில்லை.

கீழப்பழுவூரிலிருந்து அரியலூர் போகும் வழியில், பக்கத்திலேயே வாரணவாசி. அங்கே தமிழக அரசு புதைபடிவங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் கட்டியிருக்கிறது. பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் மாமல்லபுரத்துக்கும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் விடியற்காலையிலேயே கிளம்பிப் போகும் பகுதி இது. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு, தங்கள் வீட்டுக் கொல்லையும் ஒரு காலத்தில் கடலடி என்பது தெரியாது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இங்கே கடல் உள்ளே வந்தது. முன்னேறியும் பின்வாங்கியும் அலைந்து, டைனோசர்கள் அழிந்த காலம்வரை, அதாவது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை, இந்த நிலத்தோடு உறவாடியது. அந்தக் கடலும் கரையும் அடுக்கடுக்காகப் படியவிட்ட பாறைகளுக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயர்களெல்லாம் நம் ஊர்ப் பெயர்கள்தான்: ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர், காரை, கல்லங்குறிச்சி, கல்லமேடு. உலகின் எந்த மூலையில் இந்தக் காலத்துப் பாறைகளைப் படிப்பவரும் இந்தப் பெயர்களைத் தெரிந்துவைத்திருப்பார். 1840-களில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் சேகரிக்கப்பட்ட சிப்பிகளையும் அம்மோனைட் சுருள்களையும் லண்டனில் இருந்துகொண்டு எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் 1846-ல் விவரித்தார். பிறகு பிளான்ஃபோர்டு வந்து நிலத்தை அளந்து எழுதினார். ஸ்டோலிச்கா 1860-களில் தொடங்கி, இந்த உயிரினங்களுக்கென்றே பெரும் தொகுதிகளை வெளியிட்டார்.

வாரணவாசிக்கு ஒருமுறை என் பெரியப்பாவை அழைத்துப்போனேன். ஆயுள் முழுக்கக் கொத்தனார் வேலை செய்தவர். வாசலில் செருப்பை விடப்போனவரை, "வேண்டாம் பெரியப்பா, போட்டுக்கிட்டே வாங்க" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. விளக்கப் பலகைகளை அவர் பார்க்கவே இல்லை. தடித்த சிப்பி ஒன்றின் முன்னால் போய் நின்றார். மேல் ஓடு தட்டையாகவும் கீழ் ஓடு கிண்ணமாகக் குழிந்தும், விளிம்பில் வளர்ச்சி வரிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியும் இருந்த சிப்பி.

"இத எதுக்குத் தம்பி கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்க? கெணறு வெட்டையில எத்தன கூடை வாரிக் கொட்டியிருப்போம்."

அப்புறம் அவராகவே பேசத் தொடங்கினார். எந்தப் பக்கத்துக் கிணற்றில் எத்தனை ஆள் ஆழத்தில் இந்தச் சிப்பி வரும், அதற்குக் கீழே மஞ்சள் களிமண் வந்தால் கடப்பாரை எப்படி இறங்கும், எந்த ஊர்க் கல்லில் சுட்ட சுண்ணாம்பு நன்றாக நீறும், எது முரண்டு பிடிக்கும் என்றெல்லாம். கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு அரைத்துப் பூசிய காலத்தையும் பார்த்தவர் அவர். அங்கே ஒரு புவியியல் மாணவர் நின்றிருந்தால் குறிப்பேட்டை எடுத்திருப்பார். அரியலூர்ப் பாறை அடுக்கின் வரிசையைக் கடப்பாரை முனையில் படித்து வைத்திருந்தவருக்கு அது கடலின் வரிசை என்பது மட்டும் அன்றுவரை தெரியாது.

ஊர்ப்புற அருங்காட்சியகம் எதற்கு என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. தலைநகரத்துப் பெரிய அருங்காட்சியகத்தில் நாம் விருந்தாளி. காட்டியதைப் பார்க்கிறோம், வியக்கிறோம், வெளியே வந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறோம். சொந்த ஊர் அருங்காட்சியகத்தில் நாமும் சாட்சி சொல்ல வேண்டியவர்கள். கண்ணாடிக்குள் இருக்கும் பொருளுக்குப் பெயரும் வயதும் எழுதியிருக்கிறது. அது எந்த வயலில், எந்த வாய்க்கால் கரையில், எந்த மழைக்குப் பிறகு மேலே வரும் என்பது ஊர்க்காரருக்குத் தெரியும். இரண்டும் சேராதவரை அறிவு பாதிதான்.

சேராமல் போனதற்கு ஒரு பெரிய சாட்சி கல்லமேடு. அங்கே கிடைத்த டைனோசர் எலும்புகளைப் புவியியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1987-ல் விவரித்து, புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். கால் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர் நீளம் என்றார்கள். பூமியில் நடமாடிய மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கக்கூடும் என்று இன்றும் பேசப்படுவது அது. ஆனால் அந்த எலும்புகள் இல்லை. நம் மழையும் வெயிலும் மாறிமாறி அடிக்கும் மண்ணில் ஊறி உளுத்துப்போன எலும்பு, வெளியே எடுக்கும்போதே உதிர்ந்தது. பத்திரமாக வந்துசேரவில்லை. இன்று ஆய்வாளர்கள் கையில் இருப்பவை கோட்டு வரைபடங்களும் சில நிழற்படங்களும்தான். 'எங்கே போய்விடப் போகிறது, பக்கத்தில்தானே இருக்கிறது, ஒருநாள் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுகிறோமே, அதற்கு இதைவிடப் பதில் வேண்டுமா? தாஜ்மகாலுக்குக் காவல் உண்டு. கல்லமேட்டு ஓடைக் கரைக்கு அங்கே ஆடு மேய்ப்பவரின் கண்தான் காவல். அந்தக் கண்ணுக்கு எலும்பையும் கல்லையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது வாரணவாசியின் வேலை.

2020 அக்டோபரில் குன்னத்துக் குளம் ஒன்றில் பெரிய உருண்டைக் கற்கள் கிடைத்தபோது, டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. கூட்டம் கூடியது, கைப்பேசியில் படம் எடுத்தார்கள். அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட்டுகளைச் சுற்றிப் படிந்து இறுகிய கல் உருண்டைகள் என்று அறிந்தவர்கள் சொன்னதும் பேச்சு அடங்கிவிட்டது. எனக்கு அதில் வருத்தம். முட்டையாக இருந்தால்தான் அதிசயமா? சுருளுக்குள் அறை அறையாகத் தடுப்புக் கட்டி, அறைக்குள் காற்றை அடக்கிக் கடலில் ஏறியிறங்கி, உலகக் கடல்கள் முழுக்கப் பரவி வாழ்ந்த உயிர் அம்மோனைட். அது குன்னத்துக் குளத்தில் கிடைப்பது குறைந்த செய்தியா? வியப்புக்கென்று ஓர் அளவு வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் தள்ளிவிடும் மனம், சொந்த ஊரில் எதையும் பார்க்க முடியாது.

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் மிகாசா என்று ஒரு சிற்றூர் உண்டு. நகரம் என்று பெயர், மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தொடாது. நான் போனதில்லை, படித்துத்தான் தெரியும். ஆனால் படிக்கப் படிக்க அரியலூரைப் பற்றிப் படிப்பதுபோலவே இருந்தது. அதுவும் சுரங்க ஊர். ஹொரொனாய் நிலக்கரிச் சுரங்கம் 1879-ல் தொடங்கி 1989-ல் மூடப்பட்டது. அங்கேயும் அதே காலத்துக் கடல், அதே அம்மோனைட்டுகள். ஃபோர்ப்ஸ் நம் பக்கத்துக் கற்களைப் பார்த்துப் பெயர் வைத்த சில இனங்கள் ஹொக்கைடோ பாறைகளிலும் கிடைத்திருக்கின்றன. மிகாசா மக்கள் தங்கள் ஊர் அருங்காட்சியகத்தை 1979-ல் திறந்தார்கள். சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தபோதே! சம்பளம் வந்துகொண்டிருந்த காலத்திலேயே, இந்தப் பூமிக்குக் கரியைத் தவிர வேறு கணக்கும் உண்டு என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். இன்று சுரங்கம் இல்லை. ஒரு மீட்டருக்கும் மேல் குறுக்களவுள்ள அம்மோனைட்டுகள் முதல் உள்ளங்கையில் அடங்குவதுவரை நூற்றுக்கணக்கில் அந்தக் கூடத்தில் இருக்கின்றன. வெளியே ஆற்றங்கரையோரம் பாறை அடுக்குகளைப் பார்த்துக்கொண்டே நடக்கப் பாதையும் உண்டு.

அதே நாட்டில் இவாகி என்னும் ஊரில், 1968-ல் ததாஷி சுசுகி என்ற உயர்நிலைப் பள்ளி மாணவர் ஆற்றங்கரையில் ஓர் எலும்பைக் கண்டார். நீண்ட கழுத்துள்ள கடல் ஊர்வன ஒன்றின் எலும்பு. ஆய்வெல்லாம் முடிந்து 2006-ல் அதற்கு ஃபுதாபாசாரஸ் சுசுகியீ என்று, அந்த மாணவரின் பெயரைச் சேர்த்தே பெயரிட்டார்கள். ஊர்ப் பையன் ஊர் ஆற்றில் கண்டெடுத்தது அறிவியலில் அவன் பெயரோடு நிற்கிறது. காரைப் பக்கத்து ஓடைகளில் மழை ஓய்ந்த மறுநாள் நடந்து பாருங்கள். அரிப்பெடுத்த செம்மண்ணும் சாம்பல் களியுமாக விரிந்து கிடக்கும் அந்தப் பள்ளத்தாக்குகளில், பெலம்னைட் என்னும் பழங்கடல் உயிரியின் ஒருமுனை கூரான துண்டுகளும், வெயிலில் மின்னும் ஜிப்சத் தகடுகளும் காலடியிலேயே கிடக்கும். நம் பையன்களுக்குக் கண் இல்லையா? இருக்கிறது. இதைப் பார் என்று சொல்ல ஆள்தான் வேண்டும்.

சிமெண்டைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். இந்தப் பகுதியில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது சுண்ணாம்புக்கல்லால். சுரங்கத்தில், ஆலையில், லாரியில், எடை மேடையில், கேன்டீனில் என்று வீட்டுக்கு ஒருவராவது வேலை பார்க்கிறார். அந்தக் கல்லோ சிப்பிகளின் கல்லறை. கல்லங்குறிச்சிப் பக்கம் சுரங்க முகத்தில் சிப்பி படலம் படலமாக நிற்கும். வெடி வைத்து, உடைத்து, அரைத்து, களிமண்ணோடு சேர்த்துச் சுமார் 1,450 டிகிரி சூட்டில் சுட்டால் சிமெண்ட் ஆகிறது. தமிழ்நாட்டில் எழும்பும் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் எங்கள் கடல் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நானும் அந்தக் கூரையின் கீழ்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆனால் எடுப்பது என்னவென்று தெரிந்து எடுப்பதற்கும் தெரியாமல் எடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். நெல்லை அறுப்பவர் விதைநெல்லை ஒதுக்கி வைக்கிறார். சுரங்கத்தில் பொக்லைன் ஓட்டும் பையனுக்கு வாரணவாசியில் அரைநாள் செலவழிக்க வாய்த்தால், வாளியில் வரும் ஒரு முழு அம்மோனைட்டைப் பார்த்ததும் அவன் கை ஒரு நொடி நிற்கும். அந்த ஒரு நொடியைச் சட்டம் போட்டு வரவழைக்க முடியாது.

கல்லங்குறிச்சியில் இன்னொன்றும் உண்டு. அங்கே கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் மூலவர் ஒரு கல் கம்பம். விவசாயிகள் விளைந்ததில் முதல் தானியத்தையும் கன்றுக்குட்டியையும் கொண்டுவந்து அந்தக் கம்பத்துக்குக் காணிக்கை வைக்கிறார்கள். கல்லை வெறும் கல்லாகப் பார்க்காத பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அதனால்தான் எனக்கு நம்பிக்கையும் இருக்கிறது.

பூங்கா என்றால் ஊஞ்சலும் நீரூற்றும் என்று நினைத்துச் சாத்தனூருக்குப் போகிறவர்கள் ஏமாந்து திரும்பியதைக் கேட்டிருக்கிறேன். கல்மரப் பூங்காவில் இருப்பது வேலிக்குள் படுத்துக் கிடக்கும் ஒரு மரம்தான். பதினெட்டு மீட்டருக்கும் மேல் நீளம். 1940-ல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் சின்னமாகக் காக்கிறது, வயது சுமார் 12 கோடி ஆண்டு என்கிறது. கரையில் நின்ற மரம் வெள்ளத்தில் சாய்ந்து கடலுக்கு வந்து, சேற்றில் புதைந்து, அணு அணுவாகக் கல்லானது. காலையில் போனால் வெயில் சாய்வாக விழுந்து, மரமாக இருந்தபோது ஓடிய நார்களின் வரி அந்தக் கல்லில் எழும்பித் தெரியும். மத்தியானத்தில் போகிறவருக்கு அது ஒரு நீளமான பாறை. இதைத் தெரிந்துகொள்ள இன்னொரு தடவை போக வேண்டும். வெளியூர்க்காரருக்கு அந்த இன்னொரு தடவை கிடைப்பதில்லை. நமக்குக் கிடைக்கிறது, டவுன்பஸ் கட்டணத்தில்.

கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயிலிலும் கீழையூர் இரட்டைக் கோயிலிலும் இதேதான். 'பொன்னியின் செல்வன்' படம் வந்த பிறகு, பழுவேட்டரையர் கோட்டை எங்கே என்று கேட்டுக்கொண்டு கார்கள் வந்தன. கோட்டையைத் தேடியவர்கள், பழுவேட்டரையர் காலத்துக் கல்லே எதிரில் நிற்பதைக் கவனிக்காமல் போனார்கள். கீழையூரில் தூணின் அடியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் சிங்கங்களை, அவற்றின் பிடரி மயிர்ச் சுருளை, முதல் தடவை யாரும் நின்று பார்ப்பதில்லை. மூன்றாம் தடவை, பேச்சு தீர்ந்துபோய் நிற்கும்போதுதான் அவை கண்ணில் படும்.

கரைவெட்டி ஏரிக்கும் இதைச் சொல்லலாம். 1999-ல் பறவைகள் சரணாலயமானது, 2024 சனவரியில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் அங்கே இறங்குகின்றன. புள்ளம்பாடி வாய்க்காலில் எப்போது தண்ணீர் திறந்தார்கள் என்று கணக்குச் சொல்லும் பாசன விவசாயியிடம் கேட்டால், பறவை எப்போது வரும் என்பதையும் சேர்த்தே சொல்வார். அவரிடம் தொலைநோக்கி இல்லை. இருந்தால் இன்னும் எவ்வளவு சொல்வார் என்று நினைத்துக்கொள்வேன்.

வாரணவாசியில் நான் பார்க்க விரும்புவது பெரிய கட்டடத்தை அல்ல. ஒவ்வொரு கல்லுக்குக் கீழேயும் அது எந்த ஊர், எந்தக் கிணறு, எந்த ஓடை என்று எழுதியிருக்க வேண்டும். வீட்டில் கிடக்கும் கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வந்து "இது என்னங்க?" என்று கேட்கும் ஊர்க்காரருக்குப் பதில் சொல்ல, மாதத்தில் ஒருநாளாவது விவரம் தெரிந்த ஒருவர் மேசை போட்டு உட்கார வேண்டும். பெரியப்பா போன்ற கொத்தனார்களையும் கிணறு வெட்டியவர்களையும் அழைத்துவந்து, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும். அந்தத் தலைமுறையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இந்த வருடமே தொடங்கினால் நல்லது.