பெருமையும் பொறுப்பும்

பழைய நகரொன்றின் தெருக்களில் வழிகாட்டி ஒருவரின் பின்னே நடந்து காண்பது இன்று பலருக்கும் விருப்பமானதாகிவிட்டது. ஆனால் நடப்பவர் தம் முன்னோரின் சுவடுகளையே அங்கே காண நேர்ந்தால், அது வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடுமா? சென்ற தவக்காலத்தில் இக்கேள்வி நம்மை எதிர்கொண்டது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து பங்குமக்கள் சிலரோடு செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி சென்றிருந்தோம். பழைய நகரைச் சுற்றிக் காட்ட இளைஞர் ஒருவர் வந்தார். கடற்கரையை ஒட்டிய நேரான தெருக்கள், உயர்ந்த மதில்கள், வாய்க்காலைக் கடந்ததும் திண்ணையும் முற்றமும் மரத்தூண்களும் கொண்ட வீடுகள் என ஒவ்வொன்றாய் விளக்கினார். வெள்ளையர் குடியிருப்பையும் தமிழர் குடியிருப்பையும் அவ்வாய்க்காலே ஒரு காலத்தில் பிரித்து நின்றது என்றார்.

மிஷன் வீதியில் ஜென்மராக்கினி மாதா பேராலயத்தின் முன் வந்தபோது நம்மவர் முகங்கள் மலர்ந்தன. 1791-இல் கட்டி முடிக்கப்பெற்ற ஆலயம் அது. முன்பு அங்கிருந்த தூய பவுல் ஆலயத்தின் நினைவாக மக்கள் இன்றும் அதைச் 'சம்பா கோயில்' என்கின்றனர். "நம்ம கோயில் எவ்வளவு அழகு!" என்று வியந்தார் ஒரு மூதாட்டி. வழிகாட்டி நம்மைப் பார்த்துச் சற்றுத் தயங்கினார். "இன்னும் ஒன்று உண்டு. சொல்லலாமா, ஃபாதர்?" என்றார். சொல்லச் சொன்னோம்.

அந்நாளில் அவ்வாலயத்தின் அருகே வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில், ஆளுநர் துய்ப்ளேக்சின் ஆட்சியில் அது இடிக்கப்பட்டது. சேசு சபைக் குருக்களும் அதில் முன்னின்றதை, ஆளுநரின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் வேதனையோடு எழுதிவைத்தார். பழைய ஆலயத்தினுள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவரைப் பிறரிடமிருந்து பிரித்த சுவர் நின்றதையும், 1745-இல் அது அகற்றப்பட்டதையும் அதே நாட்குறிப்பு சொல்கிறது. 1761-இல் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அந்த ஆலயத்தையும் விட்டுவைக்கவில்லை.

யாரும் பேசவில்லை. பின்பு ஒரு சிறுவன், "சாமி, அதெல்லாம் நாமா செய்தோம்?" என்று கேட்டான்.

நேர்மையான கேள்வி. தந்தையின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை என்பது எசேக்கியேல் இறைவாக்கினரின் போதனை. பிறர் செய்த பாவத்தை நாம் பாவசங்கீர்த்தனத்தில் அறிக்கையிட முடியாது. ஆயினும் அந்த மூதாட்டி கூறிய 'நம்ம' என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்த கோபுரம் நம்முடையதானால், அதே குடும்பத்தார் செய்த பிழை மட்டும் அயலாருடையதாகுமா? பாட்டனின் நிலத்தில் பங்கு கேட்பவன், அதன்மேல் உள்ள கடனைத் தள்ளிவிட்டு நிலத்தை மட்டும் பெற முடியாது. குற்றம் வழிவழியாக வருவதில்லை, பொறுப்பு வருகிறது.

அது போர்க்காலம் என்பர் சிலர். நம் ஆலயமும் இடிபட்டதே என்பர் வேறு சிலர். இரண்டும் உண்மையே. ஆனால் அயலானின் பாவங்களை எண்ணிச் சொல்வது ஆன்மசோதனை ஆகாது. 2000-ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், திருச்சபையின் மக்கள் கடந்த காலத்தில் செய்த பாவங்களுக்காக உரோமையில் இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். அதனால் திருச்சபை சிறுமைப்பட்டுவிடவில்லை.

எருசலேம் கோவிலின் பெருங்கற்களைச் சீடர்கள் சுட்டிக்காட்டி வியந்தபோது, ஆண்டவர் அந்த வியப்பில் சேரவில்லை. ஆயினும் அந்த நகருக்காக அழுதவர் அவரே. உண்மையைக் காண்பதால் அன்பு குறைவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அண்ணாமலையை வலம்வரும் மக்களின் நடுவே நாம் வாழ்கிறோம். வாய்க்காலும் சுவரும் நம் தெருக்களிலும் திருமணப் பேச்சுகளிலும் இன்னும் நிற்கின்றனவா என்று கேட்கும் கடமை நமக்குண்டு. 1745-இல் அகன்றது கற்சுவர் மட்டுமே.

விடைபெறும்போது வழிகாட்டி, "கிறிஸ்தவர்கள் வந்தால் பெரும்பாலும் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவேன்" என்றார். நமக்கு அதுவே அதிகம் உறைத்தது. உண்மையைச் சொல்ல நம்மிடம் அனுமதி கேட்கும் தயக்கத்தை அவருக்குக் கற்பித்தவர் யார்? இவ்வினாவுக்கு நாம்தான் விடைகூற வேண்டும், துய்ப்ளேக்சு அல்லர்.