மனந்திரும்பினால் சிறைக்கதவு திறக்குமா?



சிறை ஊழியத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் விசுவாசிகள் என்னிடம் கேட்கிற கேள்வி இது: "பிரதர், ஒரு கைதி உண்மையாவே இரட்சிக்கப்பட்டுட்டார்னா, அவரை விட்டுடலாமே?"

அமெரிக்க தேசத்தில் இரக்கத்தின்பேரில் விடுதலை கேட்க ஒரு சட்டமே உண்டு. "அசாதாரணமான, வலுவான காரணம்" இருந்தால் மத்திய நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். சாவுக்கேதுவான வியாதி, முதுமையில் ஒடிந்துபோன சரீரம், சின்னப் பிள்ளைகளை வளர்க்க வேறு ஆள் இல்லாத நிலை, இப்படிப்பட்ட காரணங்கள். அதோடு, செய்த குற்றம் எவ்வளவு கொடியது, எத்தனை வருஷம் அனுபவித்தார், வெளியே வந்தால் யாருக்காவது ஆபத்தா என்றும் நீதிபதி பார்க்கிறார். ஆனால் கவனியுங்கள்! கைதி திருந்திவிட்டார் என்பது மட்டுமே போதுமான காரணம் ஆகாது என்று அந்தச் சட்டம் சொல்லுகிறது. மற்றக் காரணங்களோடு சேர்த்துத்தான் அதை எண்ணலாம்.

முதலில் இதை அறிந்தபோது என் மனசு கேட்கல. சிலுவையில் தொங்கின கள்ளனுக்கு அன்றைக்கே பரதீசு கிடைத்ததே (லூக்கா 23) என்று நினைத்தேன். பிறகுதான் யோசித்தேன். பரதீசு கிடைத்தது, சிலுவையிலிருந்து அவனை யாரும் இறக்கவில்லையே! தனக்கு வந்தது நியாயமான தண்டனை என்று அவனே அறிக்கையிட்டான். பாவமன்னிப்பு வேறு, தண்டனை நீங்குவது வேறு. இருதயத்தைப் பார்க்கிறவர் கர்த்தர் ஒருவரே (1 சாமு. 16:7). நீதிபதிக்கு அந்தக் கண் இல்லை. விடுதலைக்காகவே வேதத்தைக் கையில் எடுக்கிறவனும் உண்டுதானே?

அப்படின்னா கடினமாய் இருப்பதுதான் நீதியா? இல்லவே இல்லை. முன்பெல்லாம் சிறைத்துறை கேட்டால்தான் நீதிமன்றம் இந்த விடுதலையைக் கொடுக்க முடியும்; கைதி தானாகக் கேட்க வழியில்லை. 2013-ல் வந்த ஒரு அரசாங்க அறிக்கை என்ன சொல்லிற்று? கீழ்மட்ட அதிகாரிகள் இருவரும் சம்மதித்த 208 பேரில், தலைமை அதிகாரி முடிவு சொல்லுமுன்னே 28 பேர் மரித்துப்போனார்கள்! காகிதம் மேஜையில் கிடந்தது, மனுஷன் மண்ணுக்குப் போனான். 2018 டிசம்பரில் சட்டம் மாறியது. இப்போது சிறை அதிகாரியிடம் மனு கொடுத்து 30 நாள் ஆனால், கைதியே நீதிமன்றத்துக்குப் போகலாம்.

மாநிலச் சிறைகளுக்குச் சட்டம் வேறு; கேள்வி இதேதான். கலிபோர்னியாவில் சூசன் அட்கின்ஸ் என்ற பெண், 1969-ல் நிறைகர்ப்பிணியான நடிகை ஷாரன் டேட்டைக் கொன்ற கூட்டத்தில் ஒருத்தி. 1974-ல் சிறையில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டதாகச் சொன்னார். 2008-ல் மூளையில் புற்றுநோய். ஒரு காலையும் எடுத்துவிட்டார்கள். இரக்கத்தின்பேரில் விடுதலை கேட்டார், பரோல் குழு மறுத்தது. 2009 செப்டம்பரில் பரோல் விசாரணைக்குப் படுக்கையோடு கொண்டுவந்தார்கள். அதற்கும் மறுப்பு. அதே மாதம் 24-ந் தேதி கைதியாகவே மரித்தார்.

சரியா, தப்பா? இறந்தவளின் தங்கை விடுதலை கூடாது என்றார். அந்தக் கண்ணீரைத் தாண்டி, அவருக்குப் பதிலாக நாம் மன்னித்துவிட முடியாது. ஆனாலும் என் மனசாட்சி சொல்லுகிறது: எழுந்திருக்க முடியாதவருக்குச் சாக ஒரு வீட்டுக் கட்டில் கொடுப்பதால் நீதி கெட்டுப்போகாது. குற்றம் சிறியது என்று அதற்கு அர்த்தமல்ல. இரக்கம் தகுதி பார்த்து வந்தால் அது இரக்கமே அல்ல.

தேவஜனமே, இன்னொரு காரியம். விடுதலை கேட்கிறவரிடம் நீதிபதி கேட்பார்: "வெளியே போய் எங்கே தங்குவீர்? யார் பார்த்துக்கொள்வார்?" மனந்திரும்புதலை நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. ஆனால் இந்தக் கேள்விக்குச் சபை பதில் சொல்லலாமே! "விட்டுடலாமே" என்று சொல்லுவது சுலபம். வியாதியஸ்தனான ஒரு பழைய கைதிக்கு நம்ம வீட்டுத் திண்ணையாவது உண்டா? காவலில் இருந்தவரைப் போய்ப் பார்த்தது தமக்கே செய்ததாக ஆண்டவர் எண்ணுகிறாரே (மத். 25).

சிறைக்கதவு திறக்க ஜெபியுங்கள். அதற்கு முன் நம் வீட்டுக் கதவு திறக்க ஜெபியுங்கள். ஆமென்!